அல்லிக்கு மூச்சு கிடையாது

"பக்கத்துல மனுஷங்க யாராவது இருந்தா போனைக் குடும்மா" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக்கூடக் காத்திராமல் மருந்துக் கடைக்காரர் போனை வைத்துவிட்டார்.

பெனிட்டா கையிலிருந்த போனை முறைத்தாள். கடைக்காரரைச் சொல்லி என்ன பயன்? அவர் போன் திரையில் இந்நேரம் 'பேசுவது இயந்திரம்' என்று நீலப் பட்டை ஓடியிருக்கும். இந்தக் குரல் கேட்டால் நாட்டிலுள்ள எந்தப் போனும் அப்படித்தான் காட்டும். அவள் ஐம்பத்துமூன்று வயது மனுஷி, முழங்கால் வலியும் கொஞ்சம் சர்க்கரையும் உண்டு, வலது கையில் புது மாவுக்கட்டு வேறு என்பதெல்லாம் போனுக்கு எங்கே தெரியப்போகிறது? சட்டப்படி அவள் குரல் இயந்திரங்களுக்குச் சொந்தம்.

"குடுங்க மேடம், நான் பேசறேன்" என்று நர்ஸ் ரோஷிணி போனை வாங்கி, மறுபடி அழைத்து மருந்தின் பெயரைச் சொல்லி முடித்தாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள். "தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க சம்மதிச்சுத்தான் உங்க குரலை எடுத்தாங்களா?"

"சம்மதிச்சேனாவது! கையெழுத்துப் போட்டுட்டு வர்ற வழியில தெருவுக்கே மைசூர்பாகு வாங்கிக் குடுத்தேன். அவ்வளவு பெருமை." பெனிட்டா நாற்காலியில் சாய்ந்தாள். "நீ அப்போ சின்னப் புள்ளையா இருந்திருப்ப. மிஷினெல்லாம் யார் குரல்ல வேணா பேச ஆரம்பிச்ச நேரம். பெத்த அம்மா குரல்ல கூப்பிட்டு ஏமாத்தும். செத்துப்போன புருஷன் குரல்ல அழும். எது மனுஷன், எது மிஷின்னு தெரியாம ஜனங்க அல்லாடிப் போயிட்டாங்க. அப்பத்தான் சட்டம் வந்துச்சு. மிஷின் எதுவானாலும் ஒரே குரல்லதான் பேசணும், கேட்டதுமே மிஷின்னு தெரிஞ்சிடணும். எந்தக் குரல் வேணும்னு ஜனங்ககிட்டயே கேட்டாங்க."

"அல்லின்னு சொல்லியிருப்பாங்க. வேற யாரைச் சொல்லுவாங்க!" என்றாள் ரோஷிணி.

வேறு யாரைச் சொல்வார்கள்? 'தொலைவானம்' படங்கள் ஐந்திலும் வருகிற விண்கலம்தான் அல்லி. அதற்கு முகமில்லை, கை காலில்லை. குரல் ஒன்றுதான், பெனிட்டா பேசிய குரல். உள்ளே இருக்கிற ஒன்பது பேரையும் அந்தக் குரல்தான் கட்டி மேய்க்கும், திட்டும், கொஞ்சும். விளக்கணைக்கிற நேரம் வந்தால், "நான் இருக்கேன். நீங்க தூங்குங்க" என்று சொல்லும். இந்த ஒரு வசனம் தமிழ்நாட்டைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. தாலாட்டில் சேர்ந்தது, தேர்தல் சுவரொட்டியில் சேர்ந்தது, ஆட்டோக்களின் முதுகில் ஏறியது. அதைப் படித்துவிட்டு டிரைவர் தூங்காமல் இருந்தால் சரி என்று கும்பிட்டுக்கொண்டு ஜனங்கள் ஏறினார்கள். கலத்தின் ஆட்கள் வெளியே கிளம்பும்போது கதவை இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போவார்கள். முதல் படம் வந்த வருஷமே பிள்ளைகள் பரீட்சைக்குப் போகையில் வாசற்கதவை இரண்டு தட்டு தட்டினார்கள். அப்புறம் பஸ் டிரைவர்கள், அப்புறம் கல்யாண மாப்பிள்ளைகள். இப்போது கேட்டால், அது கொள்ளுத்தாத்தா காலத்துச் சம்பிரதாயம் என்று சத்தியம் செய்வார்கள்.

அதெல்லாம் வேடிக்கை. வேடிக்கையாக இல்லாத ஒன்றும் அந்தப் படங்களிலிருந்துதான் வந்தது. பெனிட்டா இப்போது மாட்டிக்கொண்டு முழிப்பதும் அதனால்தான்.

மூன்றாம் பாகத்தில், கலத்துக்கு வெளியே ரிப்பேர் பார்க்கப் போன எஞ்சினியருக்குக் கண் போய்விடும். அதே விபத்தில் அவன் மனைவி இறந்துபோவாள். அல்லி அவனிடம் அதைச் சொல்லாது. "அவங்க பக்கத்து அறையில தூங்கறாங்க", "இப்பத்தான் உங்களைக் கேட்டாங்க" என்று பூமி வந்து சேரும்வரை பொய் சொல்லிச் சொல்லியே அவனைச் சாப்பிட வைத்து, உயிரோடு கொண்டுவந்து சேர்க்கும். தியேட்டரில் அழாத ஆள் கிடையாது. அன்றிலிருந்து, கருணைக்காகச் சொல்கிற பொய்க்கு 'அல்லிப் பொய்' என்றே பெயராகிவிட்டது. ஆஸ்பத்திரிகளில் அதுவே வழக்கமுமாகிவிட்டது. ஒரே விபத்தில் ஒருவர் போய் ஒருவர் பிழைத்தால், "இப்போ சொல்ல வேண்டாம், அல்லி பாத்துக்கட்டும்" என்று உறவுக்காரர்களே டாக்டரிடம் சொல்லிவிடுவார்கள்.

அந்தக் காட்சிக்கு ஒலி சேர்த்தவர் இளம்பரிதி. பெனிட்டாவின் கணவர். "அழகாத்தான் இருக்கு. ஆனா இனிமே ஆஸ்பத்திரியில யாரு எதைச் சொன்னாலும் எவன் நம்புவான்?" என்று அன்றைக்கே முணுமுணுத்தார்.

இப்போது அதே பரிதி, இந்த ஆஸ்பத்திரியின் நான்காம் மாடியில், இரண்டு கண்ணிலும் கட்டோடு படுத்திருக்கிறார். தன் மனைவி செத்துப்போய்விட்டாள் என்று முழுசாக நம்பிக்கொண்டிருக்கிறார்.

மாமல்லபுரத்திலிருந்து திரும்பும் வழியில் மாடு குறுக்கே வந்தது. கார்கள் தாமாகவே ஓடுகிற காலத்திலும் மாடு மாடுதான். கார் உருண்டது. பரிதி கடைசியாகப் பார்த்தது, பக்கத்து இருக்கையில் தலை தொங்கி, முகமெல்லாம் ரத்தமாகக் கிடந்த பெனிட்டாவை. அது வெறும் நெற்றிக் காயம். கையும் உடைந்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் அவர் அதற்குமேல் எதையும் பார்க்கவில்லை.

கதவைத் திறந்துகொண்டு டாக்டர் கோகுல் வந்தார். இளைஞர்தான், ஆனால் இரண்டு நாளாகச் சரியாகத் தூங்காத முகம்.

"மறுபடியும் கேட்டுப் பாத்தேம்மா. மாட்டேன்னுட்டார். எலும்புத் துண்டு ஒண்ணு கண் நரம்பை அழுத்திக்கிட்டு இருக்கு. இந்த வாரத்துக்குள்ள எடுத்தா பார்வை வந்துடும். தள்ளிப்போனா வராது. புத்தி தெளிவா இருக்கிற ஆள், அவர் சரின்னு சொல்லாம நான் கத்தியைத் தொட முடியாது."

"என்னதான் சொல்றாரு?"

டாக்டர் தரையைப் பார்த்தார். "'யாரைப் பாக்கறதுக்கு டாக்டர்?'னு கேக்கறார்."

பெனிட்டா எழுந்து பரிதியின் அறைப் பக்கம் நடந்தாள்.

தொற்று வரக் கூடாதென்று அங்கே வெறும் கையால் தொட விடமாட்டார்கள். அவள் கவுன் மாட்டி, கையுறை மாட்டி, மாஸ்க் கட்டிக்கொண்டு உள்ளே போனபோது, படுக்கை அவரிடம் பேசிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் மெத்தென்ற ரப்பர் கைகள் உள்ள படுக்கை அது. நோயாளியைப் புரட்டும், துடைக்கும், தடவிக்கொடுக்கும். அதற்கும் அதே குரல்தானே!

"பரிதி சார், கஞ்சி சூடா இருக்கு. ஒரு வாய் குடிக்கறீங்களா?"

"வேண்டாம்." மூக்கில் குழாய் இருந்ததால் அவர் குரல் கரகரத்தது. "பெனி எங்க?"

"உங்க பக்கத்துல வந்து நிக்கறாங்க" என்று படுக்கை உள்ளதை உள்ளபடி சொன்னது.

"ஆமா பரிதி. இங்கதான் நிக்கறேன்" என்றாள் பெனிட்டா.

இரண்டும் ஒரே குரல். ஒரே நிதானம், ஒரே தெளிவு. பரிதி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவள் அவர் கையைப் பிடித்தாள். ரப்பர் உறைக்குள் இருக்கிற கை. படுக்கையின் கையும் அதே ரப்பர், அதே இளஞ்சூடு. அவர் விரல்கள் அசையவே இல்லை. ஒரு தடவை அவர் கையை எடுத்துத் தன் மாவுக்கட்டின்மேல் வைத்துப் பார்த்தாள். "கட்டு யார் கையில வேணா போடலாம்மா" என்று சாந்தமாகச் சொல்லிவிட்டார். மோதிரத்தைத் தொடச் சொன்னாள். தொட்டதும் அவர் கையை இழுத்துக்கொண்டார். மோதிரம் எங்கிருந்து கழற்றப்பட்டிருக்கும் என்று அவர் நினைத்திருப்பார் என்பது வெளியே வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

இன்று வேறு வழியில் போனாள். "நம்ம கல்யாணத்தன்னைக்கு நீங்க ரெண்டு கால்லயும் வேற வேற செருப்பு மாட்டிக்கிட்டு வந்தீங்க. எங்க அப்பா அதைப் பாத்துட்டு, ஒலி வேலைக்காரனுக்குக் கண்ணு எதுக்குன்னு கேட்டாரு. இது வேற யாருக்குத் தெரியும்?"

பரிதி பெருமூச்சு விட்டார். "வீட்டு ஸ்பீக்கர் பதினஞ்சு வருஷமா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கு. அதுக்குத் தெரியாதது என்ன இருக்கு? நல்ல மனசோடதான் பண்றீங்க, தெரியுது. ஆனா வேண்டாம்."

பெனிட்டாவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. சென்னைக்கு வந்த நாளாக மைக்குக்குப் பயந்து மூட்டை கட்டி வைத்திருந்த தூத்துக்குடித் தமிழ் அவிழ்ந்து விழுந்தது.

"ஏ மனுசா! நான் சாவலய்யா! குத்துக்கல்லு கணக்கா முன்னால நிக்கேன், போயிட்டா போயிட்டான்னு ஒப்பாரி வைக்கீரே! கண்ணைத்தானே கட்டியிருக்காவ, மூளையையுமா சேத்துக் கட்டியிருக்காவ?"

பரிதியின் உதட்டில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. விபத்துக்குப் பிறகு முதல் சிரிப்பு. பெனிட்டா இன்னும் கிட்டே குனிந்தாள்.

"அவங்க ஊர் பாஷைகூட நல்லாவே சொல்லிக் குடுத்திருக்காங்க" என்றார் அவர். "தேங்க்ஸ். கேக்க நல்லா இருந்துச்சு."

அந்த நேரம் பார்த்து மகள் மகிழினியின் அழைப்பு ஆக்லாந்திலிருந்து வந்தது. வருகிற வாரம்தான் அவளுக்கு டிக்கெட் கிடைத்திருக்கிறது. ரோஷிணி போனைப் பரிதியின் காதருகே பிடித்தாள்.

"அப்பா, அம்மாவுக்கு ஒண்ணுமே ஆகலப்பா. உன் பக்கத்துலதான் இருக்காங்க. சத்தியமா சொல்றேன்ப்பா." சொல்லும்போதே அவள் தேம்பினாள்.

பரிதி மெதுவாகக் கையைத் தூக்கினார், மகளின் தலையைத் தடவுகிற மாதிரி. "சரிடா கண்ணு. அம்மா நல்லா இருக்கா. நீ அழாத. அப்பா நம்பறேன், சரியா? நீ சாப்பிட்டியா?"

அவர் நம்பவில்லை என்பது எல்லோருக்கும் புரிந்தது. தன்னிடம் பொய் சொல்கிற மகளுக்கு அவர் ஒரு பதில் பொய் சொல்லித் தேற்றிக்கொண்டிருந்தார். பெனிட்டாவால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்துவிட்டாள்.

தாழ்வாரத்து நாற்காலியில், ஆஸ்பத்திரிக்காரர்கள் கொடுத்த பை கிடந்தது. விபத்தன்று பரிதி போட்டிருந்த சட்டை, கண்ணாடி, பர்ஸ், அப்புறம் அந்தப் பழைய ஒயர் இயர்போன். இதைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். எத்தனை வருஷத்துச் சண்டை! படுத்ததும் இரண்டு காதிலும் அதைச் சொருகிக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். "பக்கத்துல பொண்டாட்டி படுத்திருக்கேன், அப்படி என்ன பாட்டு வேண்டிக்கிடக்கு?" என்று கேட்டால், "தூக்கம் வர்றதுக்கும்மா" என்று மழுப்புவார். அதைக் கையில் சுற்றிக்கொண்டு அவள் அழுதாள். குனிந்து, மாவுக்கட்டில் முகத்தைப் பதித்து, வெகுநேரம் அழுதாள்.

தோளைப் பிடித்து யாரோ உலுக்கினார்கள். ரோஷிணி. அவள் முகம் வெளிறிப்போயிருந்தது.

"மேடம்! அம்மாடி, பயந்தே போயிட்டேன். அழறீங்கன்னு தோள் குலுங்கறதைப் பாத்துத்தான் தெரியுது. ஒரு விசும்பல்கூடக் கேக்கல. மூச்சு விடறீங்களா இல்லையான்னே தெரியல!"

பெனிட்டா தலையைத் தூக்கினாள்.

"என்ன சொன்ன?"

"மூச்சு மேடம். நேத்து நாற்காலியிலயே தூங்கினீங்களே, அப்பவும் இப்படித்தான். கிட்ட வந்து கையை வச்சுப் பாத்தேன். எப்படி மேடம் இவ்வளவு சத்தமில்லாம மூச்சு விடறீங்க?"

"கத்துக்கிட்டேன்" என்றாள் பெனிட்டா. அவள் பார்வை எங்கோ போய்விட்டது.

சாலிகிராமத்தில் ஒரு சின்ன ஒலிக்கூடம். அவளுக்கு இருபத்துநாலு வயது. அதுவரை படங்களில் கும்பல் சத்தத்துக்குத்தான் கூப்பிடுவார்கள். கல்யாணக் கூட்டம், கலவரக் கூட்டம், எதுவானாலும் ஓரத்தில் நின்று கத்துவாள். திடீரென்று விண்கலத்துக்குப் பேசச் சொன்னார்கள். முதல் நாளே டைரக்டர் கத்தினார்: "விண்கலத்துக்கு ஏதுய்யா நுரையீரல்? வசனத்துக்கு நடுவுல மூச்சு கேட்டா அது மனுஷி, அல்லி இல்ல. ஒண்ணு விடாம வெட்டு!" கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அதை வெட்டியவர்தான் பரிதி. வெட்டிக்கொண்டே இருப்பார். எல்லோரும் சாப்பிடப் போனபிறகும் வெட்டுவார்.

"உங்க மூச்சு சாதாரண மூச்சு இல்ல மேடம்" என்று ஒருநாள் அவளிடம் பரிதாபமாகச் சொன்னார். "கடைசியில ஒரு கொக்கி இருக்கு. அடுத்த வார்த்தையை மாட்டி இழுத்துக்கிட்டே வருது. வெட்டவே முடியல."

சின்ன வயதில் அவளுக்கு இளைப்பு இருந்தது. அதன் மிச்சம் அந்தக் கொக்கி. அவர் பசியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க அவளுக்கு மனசு கேட்கவில்லை. வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பழகினாள். வாயை லேசாகத் திறந்து, அடிவயிற்றிலிருந்து, சத்தமே வராமல் மூச்சை வாங்கப் பழகினாள். இரண்டாம் பாகம் வந்தபோது வெட்டுவதற்கு ஒரு மூச்சுகூட இல்லை. அவர் சந்தோஷத்தில் குதிப்பார் என்று நினைத்தாள். "ஓ, நல்லது" என்று மட்டும் சொன்னார். முகம் என்னவோ தொங்கிப்போயிருந்தது. அது ஏன் என்று அவள் கேட்கவே இல்லை. அதற்கப்புறம் கல்யாணம், குழந்தை, வேலை. பழகியது பழகியபடியே உடம்போடு ஒட்டிக்கொண்டது.

அவள் விருட்டென்று எழுந்து மறுபடி உள்ளே போனாள். பரிதியின் காதருகே குனிந்து, சத்தமாக ஒரு மூச்சை இழுத்துவிட்டு, "பரிதி" என்றாள். அவளுக்கே சிரிப்பு வந்தது. படத்தில் கதாநாயகி பேயைப் பார்த்ததும் விடுகிற மூச்சு அது. கொக்கியும் இல்லை, ஒன்றும் இல்லை. இன்னொரு முறை முயன்றாள். அதுவும் நடிப்புதான். பரிதி அசையவில்லை.

வெளியே வந்து ரோஷிணியைக் கேட்டாள். "மாடிப்படி எங்கம்மா இருக்கு?"

"லிஃப்ட் இருக்கே மேடம்."

"கீழ போறதுக்கு லிஃப்ட் சரி. மேல வர்றதுக்குப் படி வேணும்."

ரோஷிணிக்கு ஒன்றும் புரியவில்லை. லிஃப்ட் அவளைக் கீழே இறக்கிவிட்டது. வெளியே வந்தவள் அப்படியே திரும்பிப் படிக்கட்டைப் பார்த்து நடந்தபோது, "மேலே செல்ல லிஃப்ட் தயாராக இருக்கிறது. உள்ளே வாருங்கள்" என்று அவள் குரலிலேயே அவளை அழைத்தது.

"போடி, உன் வேலையைப் பாத்துக்கிட்டு" என்றாள் பெனிட்டா. புடவையை இடுப்பில் இழுத்துச் சொருகிக்கொண்டு ஓட ஆரம்பித்தாள்.

முதல் மாடிவரை உடம்பு சொன்னபேச்சைக் கேட்டது. மூச்சும் பழைய மாதிரியே சத்தமில்லாமல் வந்து போனது. இரண்டாம் மாடியில் முழங்கால் கெஞ்சியது. எதிரே இறங்கி வந்த ஒரு குடும்பம் ஒதுங்கி வழிவிட்டது. "ஐயோ, யாருக்கோ என்னமோ ஆயிடுச்சு போல" என்று ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மூன்றாம் மாடி தாண்டும்போது பெனிட்டாவுக்குக் கண் இருட்டியது. வாயைத் திறந்து காற்றை அள்ளி அள்ளி விழுங்கினாள். நெஞ்சுக்குள் ஏதோ பிடித்து இழுத்தது, விட்டது, மறுபடி இழுத்தது. முப்பது வருஷமாக எங்கே போய் ஒளிந்திருந்ததோ, அந்தக் கொக்கி வந்துவிட்டது! அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. ஆனால் நிற்கவில்லை. நின்றால் போய்விடும் என்று பயம்.

"மேடம், சர்க்கரை உடம்பு, இதென்ன வேலை!" என்று ரோஷிணி படிக்கட்டு முனையிலேயே பிடித்துக்கொண்டாள். பெனிட்டா பேசாமல் அறையைக் காட்டினாள். ரோஷிணி அவள் முகத்தைப் பார்த்தாள், பிறகு கவுனை எடுத்து அவசரமாகத் தோளில் போட்டு, கையுறை மாட்டிவிட்டாள். மாஸ்க்கைக் கட்டப்போனவள் நிறுத்திக்கொண்டாள். "ஒரு நிமிஷம்தான். நான் இந்தப் பக்கம் பாக்கல."

பெனிட்டா படுக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. பரிதியின் காதுக்கு மேலே குனிந்து மூச்சிரைத்தாள்.

"அறையில் ஒருவருக்கு மூச்சுத் திணறல். மருத்துவரை அழைக்கட்டுமா?" என்று படுக்கை அவள் குரலில் கேட்டது.

"நீ சும்மா இரு" என்றார் பரிதி.

அவர் உடம்பு முழுக்க விறைத்துப்போயிருந்தது. சுவர்ப் பக்கம் இருந்த முகம் மெல்ல, மெல்ல இந்தப் பக்கம் திரும்பியது. ஒலிக்கூடத்தில் அவர் இப்படித்தான் தலையைச் சாய்த்துக் கேட்பார். ஒரு மூச்சு போனது. கடைசியில் கொக்கி. இன்னொரு மூச்சு. மறுபடியும் கொக்கி.

"பெனி" என்றார்.

அவள் வாயைத் திறந்தாள்.

"பேசாத! பேசாத. பேசினா மறுபடியும் அல்லி ஆயிடுவ. மூச்சு மட்டும் விடு." அவர் கை காற்றில் துழாவியது. அவள் பிடித்துக்கொண்டாள். இப்போது ரப்பர் உறை அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. எலும்பு நொறுங்குகிற மாதிரி இறுக்கினார். "இருக்கியா? நிஜமாவே இருக்கியா? ரத்தமா கிடந்தியேடி. தலை தொங்கிக் கிடந்தியேடி."

"நெத்தியில" மூச்சு, "ரெண்டு தையல்" மூச்சு, "அவ்வளவுதான்."

"எத்தனை மாடி ஏறின?"

"நாலும்."

"பைத்தியம். சர்க்கரைக்காரி, முட்டி வேற வலின்னு உயிரை எடுப்ப. நாலு மாடி ஏறினாளாம்!" திட்டிக்கொண்டே அவர் அழுதார். கட்டு நனைந்தது. ரோஷிணி பதறி ஓடிவந்து, "சார், கண்ணுல ஈரம் படக் கூடாது" என்று துடைத்தாள். அவளுக்கே கண்ணில் ஈரம்தான்.

பெனிட்டாவுக்கு மூச்சு மெல்ல அடங்கிக்கொண்டு வந்தது. அவளுக்குள் ஒரு சந்தேகம் குடைந்தது. "ஏன் பரிதி, மிஷின் மூச்சு விடாதா? இதையும் அதுக்குச் சொல்லிக் குடுத்திருக்கலாமேன்னு நீங்க நினைக்கலையா?"

"அது எப்படிச் சொல்லிக் குடுப்பாங்க? அவங்ககிட்ட ஏது?" அவர் குரலில் பழைய குறும்பு தலைகாட்டியது. "சட்டம் போட்டப்போ என்கிட்டதான் வந்தாங்க. வெட்டறதுக்கு முன்னாடி இருந்த ஒரிஜினலைக் குடுங்க, மூச்சும் சேந்தா மிஷின் இன்னும் உசுரா பேசும்னாங்க. அழிச்சுட்டேன்னு சொல்லிட்டேன். குரல் போனா போகுது, ஊருக்கே குடுத்தாச்சு. இதையுமா குடுக்கறது?"

"நிஜமாவே அழிச்சுட்டீங்களா?"

திருட்டுத்தனம் அகப்பட்ட ஆள் மாதிரி இருந்தது அவர் முகம்.

"அதை எப்படி அழிக்கறது பெனி? முதல் படத்துல வெட்டின மூச்சையெல்லாம் ஒண்ணா ஒட்டி வச்சிருக்கேன். படுக்கும்போது இயர்போன்ல கேக்கறேனே, அது பாட்டு இல்ல. அதுதான்."

எத்தனை ராத்திரிச் சண்டை! எத்தனை நாள் பெனிட்டா அந்த ஒயரைப் பிடுங்கி எறிந்திருக்கிறாள்!

"பக்கத்துலதானே படுத்திருக்கேன்? என்னைக் கேட்டுட்டுப் படுக்க வேண்டியதுதானே?"

"எங்க கேக்குது? நீதான் தூங்கும்போதுகூடச் சத்தமில்லாம மூச்சு விடறியே. ராத்திரி முழிச்சுப் பாத்தா இருக்கியா, இல்லையான்னு தெரியாது. பயமா இருக்கும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கொரட்டையே விட்டிருப்பேனே!"

"எனக்காகக் கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டது. எப்படி வேண்டாம்னு சொல்றது?"

பெனிட்டா குனிந்தாள். அவர் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அவருடைய விரல்கள் அவள் மாவுக்கட்டைத் தேடிக் கண்டுபிடித்து, இரண்டு தட்டு தட்டின.

டாக்டர் கோகுல் வந்தபோது, பரிதி கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். பெனிட்டா இடது கையால் ஊட்டியதில் பாதி கழுத்தில் வழிந்திருந்தது.

"யாரைப் பாக்கறதுக்குன்னு கேட்டேனே டாக்டர்" என்றார் பரிதி. "நாலு மாடி ஏறி வந்திருக்கா. மூஞ்சி எப்படி இருக்குன்னு பாக்கணும். சீக்கிரம் ஏற்பாடு பண்ணுங்க."

டாக்டர் தலையை ஆட்டினார். பிறகு, நோயாளிக்குத் தலையாட்டினால் தெரியாதே என்று நினைவு வந்து, "பண்ணிடலாம் சார், நாளைக்கே" என்றார். போகும்போது கதவை இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போனார்.

ஜன்னலில் வெயில் சாய்ந்தது. மருந்தின் மயக்கத்தில் பரிதியின் பேச்சு குழறத் தொடங்கியது. "போயிடாத" என்றார். "போகல" என்றாள். படுக்கை தன் வழக்கப்படி விளக்கைக் குறைத்தது. ரப்பர் கைகள் போர்வையை இழுத்துவிட்டன.

"நான் இருக்கேன். நீங்க தூங்குங்க" என்றது அல்லி.

பெனிட்டா அந்த ரப்பர் கையை மெதுவாக விலக்கிவிட்டு, போர்வையைத் தானே சரிசெய்தாள்.

"நீ போய்த் தூங்குடி. நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, அறை முழுக்கக் கேட்கும்படி மூச்சு விட்டாள்.